பதினாறு வயதில் இடும் புள்ளி

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே கிறீன் பே என்றொரு சிறு நகரம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தின் இறுதி வாரத்தில் மூன்று நாட்கள் அந்நகரம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. அந்நாட்டின் தொழில்முறை உதைபந்தாட்டக் கோஷ்டிகள், பல்கலைக் கழகங்களில் ஆடிமுடித்த இளைஞர்களை முறைவைத்துத் தெரிவு செய்துகொள்ளும் வைபவம் அது. மொத்தம் 257 பெயர்கள் அழைக்கப்பட்டன. முதல் நாள் முதற் பெயராக ஒலித்தது கெம் வார்ட் என்பது. மூன்றாம் நாள், கூட்டத்திற் பெரும்பகுதி களைத்துவிட்ட பின்னர், 231ஆவதாக ஒலித்தது குவின் யூவர்ஸ் என்ற பெயர்.

இருவரும் டெக்சஸ் மாநிலத்திற் படித்தவர்கள். இருவரும் கோஷ்டியில் ஒரே இடத்தை வகிப்பவர்கள். பாடசாலை நாட்களில் யூவர்ஸ் என்னும் மாணவனுக்கு மதிப்பீட்டாளர்கள் இட்டது முழுப் புள்ளி. குறைக்க இடமில்லை என்று சொல்லி இட்ட புள்ளி. வார்ட் என்னும் மாணவனுக்கோ அவர்கள் புள்ளியே இடவில்லை. அப்படி ஒருவன் இருப்பதை அவர்கள் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஐந்தாண்டுகளுள் இந்த வரிசை எவ்வாறு தலைகீழாயிற்று?

இதை விளங்கிக்கொள்ள முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்றழைப்பது நாம் அப்பெயராற் குறிக்கும் விளையாட்டன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் பிரதானம். றக்பி பார்த்தவர்களுக்கு ஓரளவு பிடிபடும். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் கோஷ்டி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறவேண்டும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது பந்து குவார்ட்டர்பாக் எனப்படும் ஒருவர் கைக்கு வருகிறது. அதைப் பக்கத்திலுள்ளவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் நண்பனுக்கு எறிவதா, தானே ஓடுவதா என்பதை அவரே தீர்மானிக்கவேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று வினாடிகள். அதற்குள் மலைபோன்ற நால்வரோ ஐவரோ அவரைத் தரையிற் சாய்க்கப் பாய்ந்து வருவர். தேரோட்டி, சேனாபதி, தூதுவன் என்ற மூன்று வேலையையும் ஒருவனே பார்ப்பதைப் போன்றது இது. ஆகவேதான் பல்கலைக் கழகங்கள் ஏனைய வீரர்களைத் தேடுவதைக் காட்டிலும் பன்மடங்கு ஆவலுடன் இந்த ஒருவனைத் தேடுகின்றன.

அந்நாட்டிலே சுமார் பத்து இலட்சம் பாடசாலை மாணவர்கள் இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். முதற்றரப் பல்கலைக் கழகக் கோஷ்டிகளோ 130க்குச் சற்று அதிகம். இந்தப் பெருங்கடலில் முத்தெடுக்கும் தொழில் ஒன்று தானாகவே வளர்ந்துவிட்டது. 1970களின் இறுதியில் சிக்காகோ நகரத்துத் தபாற் கந்தோர் ஊழியரான டொம் லெமிங் என்பவர் தமது காரிலேயே ஊரூராகச் சென்று மாணவர்களைக் கண்டு குறிப்பெழுதி வெளியிடத் தொடங்கினார். இன்று அது பெரும் வியாபாரம். மாணவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கப்படுகிறது. (ஐந்து நட்சத்திரம் என்றதும் ஹோட்டல் ஞாபகம் வருவது நமக்கு மட்டுந்தானா என்று தெரியவில்லை.) ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் சுமார் 32 பேருக்கே ஐந்து நட்சத்திரம் அளிக்கிறது. தொழில்முறைத் தெரிவின் முதற் சுற்றில் 32 இடங்கள் உள்ளமையே அதற்குக் காரணம். அதாவது, இந்தப் பதினேழு வயதுப் பையன் இருபத்திரண்டு வயதில் நாட்டின் தலைசிறந்த முப்பத்திருவரில் ஒருவனாவான் என்பதே அந்த நட்சத்திரங்களின் பொருள். சோதிடர்கள்கூட இவ்வளவு துணிந்து சொல்வதில்லை!

மதிப்பீட்டாளர் எதைப் பார்க்கிறார்? உயரத்தை அளக்கலாம், அளக்கிறார். பந்து எத்தனை யார் பறக்கிறது என்பதைக் காணலாம்; காண்கிறார். கால்களின் நிலை, கையை வீசும் லாவகம், குறியின் செம்மை யாவும் ஒளிப்பதிவிற் பதிவாகியிருக்கும். கோடைகாலப் பயிற்சி முகாம்கள் பலவுண்டு. 1999இல் ஆரம்பமான ‘எலீட் லெவன்’ என்னும் போட்டி முகாம் குவார்ட்டர்பாக்குகளுக்கென்றே நடத்தப்படுவது. டெக்சஸ், கலிபோர்னியா முதலிய மாநிலங்களிற் கோடையில் ஏழுபேர் கோஷ்டி ஆட்டங்களும் பெருவழக்கு. அதிலே பந்தெறிபவன் மீது பாய்ந்து சாய்க்கும் முன்வரிசைக்காரரே இல்லை! நிதானமாக நின்று, நோக்கி, எறியலாம். கண்ணுக்கு விருந்தான காட்சிதான். ஆனால் குவார்ட்டர்பாக்கின் தொழிலிற் கடினமான பாகம் எதுவோ, அதை முற்றாக நீக்கிவிட்டு எஞ்சியதற்கே அங்கே புள்ளி இடப்படுகிறது.

கெம் வார்ட் விஷயத்திலே நேர்ந்தது இதற்கு மறுபுறமானது. ஹூஸ்ரன் மாநகருக்குத் தெற்கே வெஸ்ற் கொலம்பியா என்ற சிற்றூரிலுள்ள பாடசாலையில் அவர் படித்தார். அப்பாடசாலைக் கோஷ்டி பழைய பாணி ஒன்றைக் கையாண்டு வந்தது. பந்தை மறைத்து, ஒருவனிடம் கொடுப்பதுபோல் இன்னொருவனிடம் கொடுத்து, ஓடியே முன்னேறும் பாணி அது. அதில் குவார்ட்டர்பாக் எறிவது அபூர்வம். எறியாத கையை யார் அளப்பது? ஒளிப்பதிவை எத்தனை தடவை சுழற்றிப் பார்த்தாலும் அதிலே தென்படுவது, பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு பையன் மட்டுமே. பாடசாலை முடிவில் அவருக்குப் புலமைப் பரிசில் வழங்க முன்வந்த கல்விக்கூடம் ஒன்றே ஒன்று. சன் அந்தோனியோ நகரத்து இன்கார்னேற் வேர்ட் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக் கழகம் அது. உதைபந்தாட்டத்தில் இரண்டாந் தரத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பயிற்றுநர் எரிக் மொரிஸ் தமது முகாமுக்கு வந்த வார்ட் எறிவதைத் தம் கண்ணாற் கண்டார், எடுத்துக்கொண்டார். பின்னர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக் கழகம், அதன் பின் மயாமி என வார்ட் படிப்படியாக ஏறினார். 2024இல் மயாமிக்காக அவர் எறிந்து பெற்ற டச்டவுன்கள், அதாவது எதிரியின் எல்லையைக் கடந்து பெறும் முழு வெற்றிகள், 39.

இப்படிக் கண்ணுக்குத் தப்பியவர்கள் முன்னரும் உளர். கலிபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கில் ஃபயர்போ என்ற ஊரிலே பண்ணைக் குடும்பத்திற் பிறந்த ஜொஷ் அலன், பாடசாலை முடித்தபோது முதற்றரப் பல்கலைக் கழகம் ஒன்றேனும் அவரை அழைக்கவில்லை. அருகிலிருந்த ரீட்லி என்னும் இரண்டாண்டுக் கல்லூரியிற் சேர்ந்து ஆடினார். அங்கிருந்தபடியே நாட்டிலுள்ள பயிற்றுநர்களுக்கெல்லாம் தமது ஆட்டத்தின் ஒளிப்பதிவுடன் கடிதங்களை மின்னஞ்சலில் அனுப்பினார். பயன் மிகச் சொற்பம். கடைசியில் வயோமிங் பல்கலைக் கழகம் அழைத்தது. 2018இல் ஏழாவதாகத் தொழில்முறைக்குத் தெரிவானார்; 2024ஆம் ஆண்டுப் பருவத்தின் மிகச்சிறந்த வீரர் என்ற விருதும் அவரையே அடைந்தது. இவர் விஷயத்தில் மதிப்பீட்டாளரை முழுதும் குறைகூறுவதற்கில்லை. பாடசாலையில் அவர் மெலிந்த பையன். உடம்பு பிந்தித்தான் வளர்ந்தது. பதினேழு வயதிலே எலும்பே முற்றாத ஒருவனுக்கு இறுதித் தீர்ப்பு எழுதலாகுமா என்பதே கேள்வி.

உயரமும் பல தடவை காலை வாரியிருக்கிறது. டெக்சஸ் தலைநகரான ஒஸ்ரினில் வெஸ்ற்லேக் பாடசாலையை 1996இல் மாநில வெற்றிக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்ற ட்றூ பிறீஸ் ஆறடிக்குமேல் வளரவில்லை. சொந்த மாநிலத்துப் பெருங் கோஷ்டிகள் அவரை விரும்பவில்லை. இந்தியானா மாநிலத்துப் பர்டியூ சென்றார். அக்கோஷ்டியை 2001 ஜனவரியிற் புகழ்பெற்ற றோஸ் பௌல் ஆட்டத்துக்கு இட்டுச் சென்றார்.

இவற்றைக் கேட்டதும் நட்சத்திரங்களெல்லாம் வெறும் ஏமாற்று என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அது நியாயமாகாது. ஐந்து நட்சத்திரம் பெற்றவர்களிற் தொழில்முறைக்குச் செல்வோரின் வீதம், இரண்டு மூன்று பெற்றவர்களின் வீதத்தைவிட மிக அதிகம். ஜோர்ஜியா மாநிலத்துக் காட்டர்ஸ்வில் என்ற ஊரில் ட்றெவர் லோறன்ஸ் என்ற நெட்டைப் பையனைப் பார்த்து, 2018இல் நாட்டிலேயே முதல்வன் இவன் என்றார்கள். கிளெம்சன் பல்கலைக் கழகத்தில் முதலாண்டு மாணவராக இருக்கும்போதே அவர் அலபாமாவை 44-16 என வென்று தேசியப் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தார். 2021இல் முதலாவதாகத் தெரிவானார். சொன்ன சொல் அப்படியே பலித்தது.

ஆனால் குவார்ட்டர்பாக்குக்கு மாத்திரம் ஒரு தனி வில்லங்கம் உண்டு. முன்வரிசையில் ஐவர் ஆடலாம். ஓடுபவர் இருவர் மூவரை மாற்றி மாற்றி இறக்கலாம். குவார்ட்டர்பாக் ஒருவரே. ஐந்து நட்சத்திரக்காரர் மூவரைச் சேர்த்தால் இருவர் வாங்கிலேதான். வாங்கில் இருப்பவன் கெட்டவன் என்பதில்லை; அவனைப் பற்றி யாரும் எதுவும் அறிந்துகொள்ள முடிவதில்லை என்பதே துயரம்.

டொம் பிறேடியின் கதையை இங்கே நினைவுகூரலாம். 1995இல் கலிபோர்னியாவிலிருந்து மிச்சிகன் பல்கலைக் கழகம் வந்து சேர்ந்த அவர், 1998இலேதான் ஆட்டத்தைத் தொடங்கும் உரிமையைப் பெற்றார். அப்பொழுதும் நிம்மதியில்லை. மிச்சிகன் மாநிலத்திலேயே வளர்ந்த ட்றூ ஹென்சன் என்ற பெரும் பெயர்பெற்ற இளைஞர் அதே ஆண்டில் வந்து சேர்ந்தார். 1999ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் பயிற்றுநர் லொயிட் கார் ஒரு ஏற்பாடு செய்தார். ஆட்டத்தின் முதற் காற்பகுதியைப் பிறேடியும் இரண்டாவதை ஹென்சனும் ஆடுவது. யார் நன்றாக ஆடினாரோ அவருக்கே பிற்பாதி. பிறேடி வாய்திறவாமல் ஆடி இடத்தைத் தக்கவைத்துக் கொண்டார். ஆயினும் 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 198 பேர் அழைக்கப்பட்ட பின்னரே அவர் பெயர் வந்தது. அவர் பின்னர் ஏழு சூப்பர் பௌல் பட்டங்களை வென்றார் என்பதைச் சிறுபிள்ளைகளும் அறிவர். ஹென்சன் பேஸ்போல் ஆட்டத்துக்குச் சென்று, திரும்பிவந்து, இரண்டிலும் நிலைக்காமற் போனார்.

ஜோ பரோவும் வாங்கிலே வாடியவர். ஒஹாயோ மாநிலத்தின் சிறந்த பாடசாலை வீரர் என்ற விருதை 2014இற் பெற்று மாநிலப் பல்கலைக் கழகத்துக்குச் சென்ற அவருக்கு மூன்றாண்டுகளாக இடம் கிடைக்கவில்லை. படிப்பைச் சீக்கிரம் முடித்துப் பட்டத்துடன் லூசியானாவுக்குப் பெயர்ந்தார். 2019இல் அங்கே அவர் எறிந்த டச்டவுன்கள் 60. வென்ற ஆட்டங்கள் 15, தோற்றது எதுவுமில்லை. ஆண்டின் தலைசிறந்த பல்கலைக் கழக வீரருக்குரிய ஹைஸ்மன் விருதும் அவருக்கே. 2020 ஜனவரி 13ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், அதுவரை பல்கலைக் கழகத்தில் தோல்வியே காணாத ட்றெவர் லோறன்ஸ் இவரிடம் 42-25 எனத் தோற்றார்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வகையினரும் உளர். 1993இல் பென்சில்வேனியாவிலிருந்து நொட்டர் டேம் வந்த றொன் பௌலஸ் பற்றி, இவர் ஹைஸ்மன் விருதை இருமுறை வெல்வார் என்று தொலைக்காட்சியில் பீனோ குக் என்ற விமர்சகர் முழங்கினார். முதலாண்டில் தோள் எலும்பு முறிந்தது. பின்னர் நான்காண்டுகள் ஆடி, அப்பல்கலைக் கழகத்தின் எறிதற் சாதனைகளைத் தம் பெயருக்கு ஆக்கிக்கொண்டே வெளியேறினார். ஹைஸ்மன் கிட்டவில்லை, தொழில்முறைத் தெரிவிலும் பெயர் வரவில்லை. சாதனை படைத்த ஒருவரை ஊரார் இன்றும் ஏமாற்றம் என்கின்றனர். அவர் ஒருநாளும் வாக்களிக்காத ஒன்றுக்காக அவரிடம் கணக்குக் கேட்பது எந்த ஊர் நீதி?

குவின் யூவர்ஸ் கதையும் இத்தகையதே. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு வழங்கிப் பணம் பெறலாம் என்ற விதி வந்தது. டெக்சஸ் பாடசாலை மாணவர்களுக்கு அது தடை. ஆகவே யூவர்ஸ் பாடசாலையின் கடைசி ஆண்டையே துறந்து ஒஹாயோ சென்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் களத்தில் நின்றது இரண்டே இரண்டு தடவை; இரண்டிலும் பந்தை எறியவில்லை. பிறகு டெக்சஸ் பல்கலைக் கழகத்துக்குத் திரும்பி மூன்றாண்டு ஆடினார். 2023இல் அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலே வென்றார். கோஷ்டியை இரு தடவை தேசிய அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். வேறொரு மாணவனாயிருந்தால் ஊரே தலையிற் தூக்கிவைத்து ஆடியிருக்கும். முழுப் புள்ளி பெற்றவனுக்கு அது போதாது என்றாயிற்று.

2021இலிருந்து வீரர்கள் ஓராண்டு காத்திராமலே வேறு பல்கலைக் கழகத்துக்கு மாறி ஆடலாம். 2025 ஜூலை முதற் பல்கலைக் கழகங்களே நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். இதனாற் பயிற்றுநர்களின் கண் பாடசாலை மைதானங்களைவிட்டு அயற் பல்கலைக் கழகங்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. மூன்று வினாடியில் முடிவெடுக்கத் தெரிந்தவன் என்று களத்திலே காட்டிவிட்ட இருபத்தொரு வயதுக்காரன் விலைக்குக் கிடைக்கும்போது, பதினாறு வயதுப் பையனை வைத்து ஊகஞ்செய்வானேன் என்று எண்ணுகின்றனர். கெம் வார்ட்டை வாஷிங்டனும் மயாமியும் அழைத்தது அந்த வழியிலேதான். ஆனால் அவருக்குப் பின்னால் வெஸ்ற் கொலம்பியா போன்ற ஊர்களில், வெள்ளிக்கிழமை இரவுகளிற் பந்தை மற்றவன் கையிற் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பையனுக்கு முதல் இடம் ஒன்று கிடைக்கவேண்டுமே! இன்கார்னேற் வேர்ட்டின் முகாமிலே அன்று எரிக் மொரிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், கிறீன் பே மேடையில் முதலாவதாக வாசிக்கப்பட்டிருப்பது இன்னொருவர் பெயர்.