சீட்டின் எண்ணும் சீட்டின் வலிமையும்

சீட்டாட்டம் என்றவுடன் திண்ணையில் பணம் வைத்து ஆடும் சூதை நினைத்துவிடாதீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் அமைத்த விளையாட்டு. அமெரிக்கரான ரிச்சர்டு கார்ஃபீல்டு என்பவர் ஆக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் அவ்விளையாட்டை 1993ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. சீட்டுகளை வாங்கிச் சேர்த்தும், நண்பரோடு மாற்றிக்கொண்டும், தாமே ஒரு கட்டு அமைத்து ஆடும் இவ்வகை விளையாட்டுகளுக்கு அதுவே முன்னோடி.

விதிகளில் நமக்கு வேண்டியவை சிலவே. ஆடுவோர் இருவர், ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். எதிரியின் புள்ளிகளை ஒன்றுமில்லாமல் ஆக்குபவர் வெல்வார். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருத்தல் வேண்டும். அடிப்படை நிலச்சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருடையவை நான்கிற்கு மேல் கூடா. தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். பின்னர் தம் முறை வரும்போதெல்லாம் ஒன்று எடுக்கலாம். முறைக்கு ஒரு நிலச்சீட்டைக் களத்தில் வைக்கலாம். நிலங்கள் தருகின்ற ‘மானா’ என்னும் ஆற்றலே ஏனைய சீட்டுகளை ஆடுவதற்குரிய செலவுப் பணம். இதுவரை வெளிவந்துள்ள சீட்டுவகைகள் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் எதைக் கட்டில் சேர்ப்பது, எதை ஒதுக்குவது? ஒரு சீட்டின் வலிமையை அளப்பது எங்ஙனம்?

இதற்கு விடை தேட, முதல் தொகுதியிலேயே வந்த ஐந்து சீட்டுகள் நமக்குப் போதும். ஐந்திற்கும் செலவு ஒரே ஒரு மானா; ஐந்தும் மூன்று என்னும் எண்ணையே சுற்றி அமைந்தவை. ‘ஹீலிங் சால்வ்’ 3 உயிர்ப்புள்ளிகளைத் தரும், அல்லது 3 புள்ளி அடியைத் தடுக்கும். ‘லைட்னிங் போல்ட்’ 3 புள்ளி அடி அடிக்கும். ‘ஜயண்ட் குரோத்’ ஓர் உயிரினத்தின் வலுவையும் தாங்குதிறனையும் அம்முறைக்கு மட்டும் மும்மூன்று உயர்த்தும். ‘டார்க் ரிச்சுவல்’ 3 மானா தரும். ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ 3 சீட்டுகளை எடுக்கச் செய்யும். எல்லாம் மூன்று, ஆகவே எல்லாம் சமம் என்று தோன்றுகிறதன்றோ? விடைத்தாள்களுக்கு எண் இட்டே காலங்கழித்த எனக்கு இந்த ஐந்து சீட்டுகளின்மேல் ஒரு தனிப்பற்று உண்டு. ஒரே எண் பெற்ற ஐவர் ஒரே தகுதியினர் அல்லர் என்பது ஆசிரியர்களுக்கெல்லாம் தெரியும்.

ஆன்செஸ்ட்ரல் ரீகாலை ஆடுபவர் ஒரு சீட்டைச் செலவிட்டு மூன்றைப் பெறுகிறார், இரண்டு மிச்சம். முறைக்கு ஒன்றே கிடைக்கும் ஆட்டத்தில் அது இரண்டு முறைகளை இலவசமாகப் பெற்றதற்கு ஒப்பாகும். 1994ஆம் ஆண்டிலேயே அதனைக் கட்டுக்கு ஒன்றுதான் என்று வரையறுத்தனர். லைட்னிங் போல்ட்டில் அத்தகைய மிச்சம் இல்லை. ஒன்று கொடுத்து ஒன்றை வீழ்த்துகிறோம். ஆயினும் எதிரி மூன்று மானா செலவிட்டு நிறுத்திய உயிரினத்தை நாம் ஒரு மானாவில் வீழ்த்தினால், ஆற்றலில் ஆதாயம். உயிரினமே இல்லாதபோது எதிரியையே நேரே தாக்கலாம். வீணாகும் வேளை அதற்கு அரிது.

ஜயண்ட் குரோத்துக்கு ஓர் உயிரினம் துணை வேண்டும். நாம் அதனை ஆடும் தருணத்தில் எதிரி ஒரு லைட்னிங் போல்ட்டால் அவ்வுயிரினத்தை வீழ்த்திவிட்டால், அவருடைய ஒரு சீட்டுக்கு நம்முடைய இரண்டு போயின. ஹீலிங் சால்வின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நம்மைத் தாக்கும் உயிரினம் களத்தில் அப்படியே நிற்க, 3 புள்ளிகள் மட்டும் ஏறுகின்றன. அடுத்த தாக்குதலில் அவை மீண்டும் இறங்கிவிடும்.

ஆகவே, சீட்டு, காலம், உயிர்ப்புள்ளி ஆகிய மூன்றும் இவ்வாட்டத்தில் செல்லும் மூவகை நாணயங்கள். ஒன்றை எந்த விலைக்கு மற்றொன்றாக மாற்றித் தருகிறது என்பதிலேயே சீட்டின் வலிமை அடங்கியிருக்கிறது. அந்நாணயங்களும் சமமதிப்புடையவை அல்ல. 20 புள்ளிகளில் உயிர் காப்பது கடைசிப் புள்ளி ஒன்றே. மற்ற 19 செலவிடத்தக்கவை. இதனை ஆட்டக்காரர் எல்லோர்க்கும் விளங்கவைத்தது 1995ஆம் ஆண்டின் ‘நெக்ரோபொட்டென்ஸ்’ என்னும் சீட்டு. அதைக் களத்தில் வைத்தவர் முறைதோறும் எடுக்கும் சீட்டை இழப்பார். அதற்கு ஈடாக, ஓர் உயிர்ப்புள்ளி கொடுத்தால் ஒரு சீட்டு என்று விரும்பிய அளவு பெறலாம். உயிரை விற்றா சீட்டு வாங்குவது என்று முதலில் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1996ஆம் ஆண்டுக் கோடையிலோ பந்தயங்களில் அச்சீட்டை நம்பிய கட்டுகளே மலிந்தன. அக்காலத்தைக் ‘கருங்கோடை’ என்றே ஆட்டக்காரர் குறிப்பிடுவர். நெக்ரோபொட்டென்ஸின் செலவு மூன்று கறுப்பு மானா. டார்க் ரிச்சுவல் தருவதும் அதே மூன்று கறுப்பு மானா. எனவே இரண்டும் கையில் இருந்தால் முதல் முறையிலேயே அதனைக் களத்தில் வைத்துவிடலாம். வாங்குவதற்குத் தக்க பொருள் இல்லாதவன் கையில் டார்க் ரிச்சுவல் வெறுஞ்சீட்டு. இங்கோ அது வெற்றிக்கு வாயில்.

புதிதாக ஆடுவோர் பெரிய எண்ணுடைய பெரிய பூதங்களையே விரும்புவர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 சீட்டுகளில் 24 நிலங்கள் இருப்பதாகக் கொள்வோம்; அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. எட்டு மானா செலவாகும் பூதத்திற்கு எட்டு நிலங்கள் வேண்டும். சராசரியாக 20 சீட்டுகளை எடுத்தால்தான் எட்டு நிலங்கள் வந்திருக்கும். தொடக்கத்து 7 போக, மீதி 13 சீட்டுகளுக்கு 13 முறைகள்! விரைந்து தாக்கும் கட்டுகளோ ஐந்தாறு முறைகளிலேயே ஆட்டத்தை முடித்துவிடும். பூதம் கையிலேயே உறங்கும்.

வடிவமைப்பாளரையே ஏமாற்றிய சீட்டும் உண்டு. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்கல்கிளாம்ப்’ ஓர் உயிரினத்திற்கு அணிவிக்கும் கருவி. அணிந்த உயிரினம் மடிந்தால் இரண்டு சீட்டுகள் கிடைக்கும். அதனை அணிந்த உயிரினத்தின் வலு ஒன்று கூடும். தாங்குதிறன் ஒன்று குறையும். அக்குறைவு ஒரு குற்றம்போலத் தோன்றுகிறது. ஆனால் தாங்குதிறன் ஒன்றே உடைய சிற்றுயிரினத்திற்கு அணிவித்தால் அது உடனே மடியும். ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டுகள் வந்து விழும். கழித்தற்குறியே ஆதாயமாயிற்று! அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ‘ஸ்டாண்டர்டு’ என்னும் போட்டி முறையில் அதற்குத் தடை விதித்தனர்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ‘பிளாக் லோட்டஸ்’ சீட்டின் முதல் அச்சுப் படி ஒன்று 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்து இலட்சம் டாலருக்கும் மேலாக விலைபோயிற்று. அது வலிய சீட்டுத்தான். எனினும் அவ்விலையின் பெரும்பகுதி அதன் அருமைக்குச் சேகரிப்போர் தந்தது. லைட்னிங் போல்ட்டோ முதலில் எளிதிற் கிடைக்கும் பொதுவகைச் சீட்டாகவே அச்சாயிற்று. முப்பதாண்டு கடந்தும் பந்தயக் கட்டுகளில் இடம் பெற்று வருகிறது. பளபளக்கும் முகப்பையும் அரிய வகை என்னும் குறியையும் கண்டு பெற்றோர் பணத்தைச் செலவிடும் பிள்ளைகள் இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் நன்று.

இனி, எதிரில் யார் என்பதையும் நோக்க வேண்டும். கருவிகளை அழிக்கும் சீட்டு, கருவியே இல்லாத கட்டின்முன் பயனற்றது. போட்டிகளில் ஓர் ஆட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே மாற்றிக்கொள்ள 15 சீட்டுகள் வரை துணைக்கட்டாக வைக்க இடம் தருவது இது பற்றியே. அத்தகைய சீட்டுகளுக்கு உரிய இடம் அதுதான்.

இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின்னும் ஐயம் எஞ்சினால், வாங்குவதற்கு முன் ஆடிப் பாருங்கள். காகிதத் துண்டுகளில் சீட்டின் பெயரை எழுதிக் கட்டில் செருகி வீட்டில் நண்பரோடு ஆடலாம்; பந்தயத்தில்தான் அது செல்லாது. ஒன்றை மட்டும் செருகினால் அது முதல் ஏழில் வருவது 60இல் 7 பங்கே. நான்கையும் செருகினால் ஏறத்தாழ ஐந்து ஆட்டங்களில் இரண்டில் ஒன்றாவது தொடக்கத்திலேயே கைக்கு வரும். பத்துப் பதினைந்து ஆட்டங்கள் ஆடி, அது கைக்கு வந்த ஒவ்வொரு முறையும் நாம் முந்தியிருந்தோமா, பின்தங்கியிருந்தோமா, அதற்குப் பதில் வேறொன்று வந்திருக்கலாகாதா என்று எண்ணினோமா என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். முந்தியிருக்கும்போது மட்டும் மகிழ்விக்கும் சீட்டுகள் பல உண்டு; பின்தங்கிய ஆட்டங்களின் குறிப்பையே முதலில் படியுங்கள்.