மொபைலில் நெட் வருது... கம்ப்யூட்டரில் மட்டும் கட் ஆகுதா? புது ரவுட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது. கீழே வைஃபை குறி இருந்த இடத்தில் உலக உருண்டை. ஒரு நிமிடத்தில் நெட் தானாகவே திரும்பி வந்துவிடும். ஆனால் அதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

நெட் முழுசா போய்விட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வந்து வந்து போவதுதான் தலைவலி. சர்வீஸ் ஆள் வந்து பார்க்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். அவர் பைக்கை ஸ்டார்ட் செய்ததும் மறுபடி போகும். கடைசியில், 'ரவுட்டர் பழசாகிடுச்சு சார், மாத்திடுங்க' என்பார்கள். புதுசு வாங்கி மாட்டிய பிறகும் அதே உலக உருண்டை வந்து நின்றால் எரிச்சல் வருமா, வராதா?

அதனால் பணத்தை எடுக்கும் முன், தப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதலில் போனை எடுங்க

தெருவில் இருந்து உங்கள் ரவுட்டர் வரை இன்டர்நெட் வருவது ஃபைபர் கேபிளில். ரவுட்டரில் இருந்து கம்ப்யூட்டர் வரை வருவது காற்றில். இந்த இரண்டில் எது அறுபடுகிறது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டரில் நெட் போன அதே நொடியில், அதே வைஃபையில் இருக்கும் போனில் ஏதாவது ஒரு வீடியோவைத் திறந்து பாருங்கள். ஒரு முக்கியமான விஷயம்: போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். வைஃபையில் நெட் இல்லை என்றால் பல போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டு டேட்டாவுக்குத் தாவிவிடும். 'போன்ல நல்லா வருதே' என்று நாம் ஏமாந்துபோவது இங்கேதான்.

போனிலும் நெட் இல்லையா? லைனிலோ ரவுட்டரிலோ கோளாறு. போனில் ஓடுகிறதா? உங்கள் கம்ப்யூட்டரைத்தான் விசாரிக்க வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிய ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு முறை திறந்து, இரண்டு ஜன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ஜன்னலில் ஆங்கிலத்தில் பிங் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு மறுபடி இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் அதை ஒட்டி சின்ன டி எழுத்தும் போட்டு என்டர் தட்டுங்கள். இரண்டாவது ஜன்னலிலும் இதே மாதிரி, ஆனால் எண் மட்டும் 8.8.8.8. இது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி.

இரண்டிலும் நொடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை நெட் போகும்போது எந்த ஜன்னல் நிற்கிறது என்று பாருங்கள். ரவுட்டர் ஜன்னலும் சேர்ந்து நின்றால், அறுந்தது காற்றுவழி. ரவுட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, கூகுள் ஜன்னல் மட்டும் நின்றால் லைனில் பிரச்சனை.

ஆன்டெனா எங்கே இருக்கு?

கம்ப்யூட்டர் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டதா? குனிந்து மேஜைக்கு அடியில் பாருங்கள்.

போனை நாம் கையில் பிடித்திருக்கிறோம். லேப்டாப் மேஜை மேல் இருக்கிறது. டெஸ்க்டாப் கேபினட் மட்டும் தரையில், சுவரை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வைஃபை ஆன்டெனா இருப்பதும் அந்த முதுகுப் பக்கத்தில்தான். முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர். நடுவில் ஒரு ஸ்டீல் பீரோவும் நின்றால் சிக்னல் எங்கிருந்து வரும்?

அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது வரும் பல மதர்போர்டுகளில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. அதற்கான ஆன்டெனாவைத் தனியாகத் திருகி மாட்ட வேண்டும். அது மதர்போர்டு அட்டைப்பெட்டியிலேயே தங்கிவிடுவது ரொம்ப சகஜம். ஆன்டெனா இல்லாமலும் வைஃபை ஓரளவு எடுக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பின்பக்கம் பித்தளை நிறத்தில் இரண்டு திருகு முனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால், பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை இறக்கிப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க் மாட்டினால் நெட் போகுதா?

யூஎஸ்பி டாங்கிள் வைத்து வைஃபை எடுப்பவர்களுக்குத்தான் இது. பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் நெட் தள்ளாடுகிறதா? பென்டிரைவையோ ஹார்டு டிஸ்க்கையோ கழற்றியதும் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் ஆள் பிடிபட்டான்.

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சல், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. வைஃபை பழங்காலமாக ஓடிக்கொண்டிருப்பதும் அதே இடத்தில்தான். யூஎஸ்பியை உருவாக்கியதில் முக்கியப் பங்கு இருந்த இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் டாங்கிளும் ஹார்டு டிஸ்க்கும் இருந்தால், காதுக்குப் பக்கத்தில் மிக்சி ஓடும்போது போன் பேசுவது மாதிரிதான்.

டாங்கிளை நீல நிற போர்ட்டில் இருந்து எடுத்து, தள்ளி இருக்கும் கறுப்பு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல வழி, ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேஜை மேலேயே கொண்டுவந்து வைப்பது. இரைச்சலும் தள்ளிப்போகும், இரும்புப் பெட்டியும் மறைக்காது. ஒரு ரவுட்டர் வாங்கும் காசில் இந்த கேபிள் எத்தனை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் நெட் போகுதா?

கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு வந்தால் நெட் இல்லை என்றால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் உங்கள் வைஃபை கருவியின் ப்ராப்பர்டீஸுக்குள் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில், கருவியை ஆஃப் செய்ய கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். சில கம்ப்யூட்டர்களில் இந்தப் பகுதியே இருக்காது, பயப்பட வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட் ஆன பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? அதே இடத்தில் டிரைவர் பகுதியில் ரோல் பேக் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்ப வரும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு

சாயங்காலம் 7 மணிக்கு மேல்தான் கட் ஆகிறது என்றால், அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகள் இடிக்க வாய்ப்பு அதிகம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 20 வீடுகள் இருக்கும் பிளாக்கில் இந்த மூன்றைத்தான் எல்லாரும் பங்கு போட வேண்டும். மைக்ரோவேவ் அவன் ஓடுவதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில். பால் சூடாக்கும் இரண்டு நிமிடம் வீடியோ கால் இழுப்பது இதனால்தான்.

ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். பெயரின் கடைசியில் 5ஜி என்று போட்டிருப்பார்கள். அதற்கும் சிம் கார்டு 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை. சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் இது கொஞ்சம் சோடை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், கம்ப்யூட்டர் அங்கும் இங்கும் தாவும்போதும் கட் ஆகும். ரவுட்டர் செட்டிங்கில் தனித்தனிப் பெயர் கொடுத்து, கம்ப்யூட்டரை ஒன்றில் மட்டும் இணையுங்கள்.

லைனில்தான் கோளாறு என்றால்?

நெட் போகும்போது ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், ஒளி சிக்னல் உங்கள் வீட்டுக்கே வந்து சேரவில்லை. மெல்லிசான அந்த கேபிள் ஜன்னல் இடுக்கிலோ சோபா காலடியிலோ மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கேரில் புகார் செய்து, டாக்கெட் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். நெட் போன நேரங்களைக் குறித்துவைத்து, பிங் ஜன்னலை போட்டோவும் எடுத்து வைத்தால், 'உங்க கம்ப்யூட்டர்லதான் சார் பிரச்சனை' என்று தட்டிக்கழிக்க முடியாது. புகார் தீரவில்லை என்றால், ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே டாக்கெட் எண் கேட்பார்கள்.

எல்லாம் செய்தும் சரிவரவில்லையா? டெஸ்க்டாப் இடம் மாறப்போவதில்லை. ரவுட்டரில் இருந்து ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதே என்பவர்களுக்கு, கதவின் அடியில் நுழையும் தட்டையான லேன் கேபிளும் கடைகளில் கிடைக்கிறது. சுவரோரமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டிவிட்டால் போதும், வீட்டை காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொள்ளலாம்.