வரப்பு அழிந்தாலும் வயல் அழிவதில்லை

ஏடும் எழுத்தாணியும் ஆற்றிய பணியை இன்று கணிப்பொறியின் வன்தட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. சேலத்து வெள்ளிப் பட்டறையின் வரவு செலவும், நாமக்கல் கோழிப்பண்ணையின் முட்டைக் கணக்கும், ஜமாஅத்தின் திருமணப் பதிவும், ஆய்வு மாணவரின் பல்லாண்டு உழைப்பும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. அத்தட்டு ஒருநாள் திறக்க மறுக்குமாயின் இழப்பு பொருளளவில் நில்லாது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதமும் அதனோடு போகும்.

இழந்த கோப்புகளை மீட்க மென்பொருள்கள் பல உள. அவை முதலில் கேட்கும் வினா, 'எந்தப் பிரிவில் தேடுவது?' என்பதாகும். அதற்கு நாம் தரும் விடையைப் பெரிதும் பொறுத்தே மீட்பு அமையும்.

பிரிவு என்பது யாது?

1997 ஜனவரி முதல் நாள் சேலம் மாவட்டத்தினின்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. மண் இடம்பெயரவில்லை, எல்லையும் பதிவேடும் மாறின. வன்தட்டின் 'பார்ட்டிஷன்' எனப்படும் பிரிவும் இத்தகையதே. ஒரே தட்டைச் சி, டி, ஈ எனப் பகுத்து, ஒவ்வொன்றும் எங்குத் தொடங்கி எவ்வளவு நீளும் என்பதை ஓர் அட்டவணையில் குறித்து வைப்பர். 1983-இல் ஐபிஎம் வெளியிட்ட டாஸ் 2.0 உடன் வந்த முறையில், தட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட்டு அளவில் இவ்வட்டவணை அமைந்தது; அதில் நான்கு பிரிவுகளுக்கே இடமுண்டு. பின்வந்த ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமிருப்பதோடு, அட்டவணையின் படி ஒன்று தட்டின் இறுதியிலும் காக்கப்படுகிறது.

அட்டவணை சிதைந்தால் கணிப்பொறி திகைத்து, 'ஃபார்மட் செய்யவா?' என வினவும். வரப்பு அழிந்தாலும் வயல் இருந்த இடத்திலேயே இருப்பதுபோல, கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே அவ்வினாவுக்கு 'வேண்டா' என்பதே விடை.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

கோப்பு மட்டும் அழிக்கப்பட்டிருப்பின், அது இருந்த பிரிவைத் தேர்க. பிரிவு முழுதும் ஃபார்மட் ஆகியிருப்பினும் அப்பிரிவையே தேர்க. பிரிவே பட்டியலில் காணப்படாவிடின் முழுத் தட்டையும் தேர்ந்து, காணாமற்போன பிரிவைத் தேடுமாறு பணித்தல் வேண்டும். பிரான்சு நாட்டுக் கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. தான் கண்ட பிரிவினுள் உள்ள கோப்புகளை அது பட்டியலிட்டுக் காட்டும். அவை நம்முடையவை எனத் தெளிந்த பின்னரே அட்டவணையைத் திருத்தி எழுதப் பணித்தல் நலம்.

எழுத்தை மட்டும் நம்பித் தேர்தல் பிழை. தட்டை வேறொரு கணிப்பொறியில் இணைக்கும்போது, 'டி' என்றிருந்தது 'எஃப்' என்றாகலாம். கொள்ளளவு, கோப்பு முறை, பிரிவின் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குக. 500 ஜிபி என விற்கப்பட்ட தட்டு விண்டோசில் ஏறத்தாழ 465 ஜிபி எனத் தோன்றும். கணக்கிடும் முறை வேறுபடுவதே இதன் காரணம். சில நூறு எம்பி அளவில் காணப்படும் சிறு பிரிவுகள் பெரும்பாலும் கணிப்பொறியின் தொடக்கப் பணிக்கு உரியவை. நம் கோப்புகள் அங்கு இரா.

பெயரின்றி மீள்பவை

பிரிவின் அமைப்பே குலைந்துவிடின், ஃபோட்டோரெக் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்கக் குறியைக் கொண்டு தேடும். உள்ளடக்கம் மீளும், கோப்பின் பெயர் பெரும்பாலும் மீளாது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையான நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையின் நிலையும் இதுவே. களவியற் காரிகை உரையில் மேற்கோளாக ஆளப்பட்ட எட்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. ஆசிரியர் பெயர் கிடைத்திலது.

காக்க வேண்டியவை

இழப்பை உணர்ந்தவுடன் அத்தட்டில் எதனையும் எழுதலாகாது. மீட்பு மென்பொருளை அதில் நிறுவுதலும், மீட்டவற்றை அதிலேயே சேமித்தலும் எஞ்சியதன்மேல் மண்ணைக் கொட்டுதலை ஒக்கும். தட்டில் வழக்கத்திற்கு மாறான தட்டொலி கேட்பின் மின்னிணைப்பைத் துண்டித்து வல்லுநரிடம் ஒப்படைக்க. எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் 'டிரிம்' என்னும் ஏற்பாடு அழித்த கோப்பின் இடத்தை விரைவிலேயே துடைத்துவிடுவதால் அவற்றில் மீட்பு அரிது. பிட்லாக்கர் பூட்டிட்ட பிரிவாயின், கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புத் திறவோ இன்றி எம்மென்பொருளும் பயன்படாது.

ஒரே ஓலைச்சுவடியாக இருந்து கறையானுக்கு இரையான நூல்கள் எத்தனையோ. படியெடுத்த நூல்களே பெரும்பாலும் நிலைத்தன. ஆகவே மாணவ மணிகள் தம் ஆய்வேட்டையும், ஜமாஅத் பெரியோர் தம் பதிவேடுகளையும் வேறொரு தட்டில் ஒரு படி, வேறோர் இடத்தில் ஒரு படி எனக் காத்துவருவாராக. அமானிதத்தைப் பேணுவதற்கு இதனினும் எளிய வழியில்லை.