கொல்லைக் கோழிக்கும் குணம் உண்டு

கோழி வளர்ப்பது எப்படி என்று உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் கூட்டைத் திறந்துவிட்டு, ஒரு கை நொய்யை அள்ளி இறைத்து, மஃரிபுக்கு முன் எண்ணிப் பார்த்து அடைக்கும் வேலையை உம்மாவிடமும் பாட்டியிடமும் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். ஆயினும், எந்தக் கோழியை எதனோடு சேர்த்து விடுவது என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை. பாட்டிமார்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அவர்கள் கொல்லையில் மேய்ந்தது பெரும்பாலும் ஒரே வகைக் கோழிதான். இன்றோ ஐந்தாறு வகைகள் வாசலுக்கே வருகின்றன. நிறத்தைப் பார்க்கிறோம், முட்டைக் கணக்கைக் கேட்கிறோம், குணத்தைக் கேட்பதில்லை. கேட்காததன் பலனை, காரைக்கால் விழிதியூரில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் முகத்தில் கண்டோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவில் எங்கள் கொல்லையில் நின்ற முருங்கை முறிந்து கோழிக்கூட்டின் மீது விழுந்தது. விடிந்து பார்த்தபோது உயிரோடு எஞ்சியது ஒரு சிறுவிடைப் பெட்டை மட்டுமே. லாத்தாவுக்கு அது பேரிழப்பு. முட்டைக் காசு அவர்களுடைய சொந்தக் காசு. எவரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத காசு. மகளின் பள்ளிக்கூட வேன் கட்டணம் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஆகவே புதுக்கூடு கட்டி முடிந்ததும், கிடைத்த இடத்திலெல்லாம் கோழி வாங்கினார்கள். உறவினர் வீட்டிலிருந்து அசில் சேவலும் பெட்டையும் வந்தன. வனராஜாக் குஞ்சுகள் 10 வந்தன. தெருவில் மிதிவண்டியில் வந்த வியாபாரி ஒருவரிடம், நாட்டுக்கோழி என்று அவர் சொன்னதை நம்பி, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசிய குஞ்சுகளையும் பிள்ளைகளுக்காக வாங்கினார்கள்.

இவற்றில் நாங்கள் அஞ்சியது அசிலுக்குத்தான். 'அஸீல்' என்னும் அரபுச் சொல்லுக்குக் கலப்பற்றது, நற்குலத்தது என்று பொருள். நாம் அன்றாடம் வழங்கும் 'அசல்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. நீண்ட கால், விறைத்த கழுத்து, சிறு கொண்டை, நிமிர்ந்த நடை என்று பார்த்தவுடன் மரியாதை தோன்றும் பறவை. ஆங்கிலேயர் இதைக் கொண்டு சென்று தம் நாட்டுச் சண்டைக் கோழிகளோடு கலந்து 'கார்னிஷ்' இனத்தை உருவாக்கினர். இன்றைய பிராய்லரின் தந்தை வழியில் அந்தக் கார்னிஷ் இருக்கிறது. கறிக்கடையில் அசைவற்று உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக் கோழிக்குள் அசிலின் இரத்தம் ஓடுகிறது என்றால் நம்பத்தான் முடியவில்லை!

அசில் மனிதரிடம் சாதுவாகவே பழகும். கையில் எடுத்துத் தடவினாலும் திமிறாது. அதன் கோபமெல்லாம் தன் இனத்தின் மீதுதான். இரண்டு சேவல்கள் நேர்பட்டால் ஒன்று விழும்வரை ஓயாது, பெட்டைகளும் அப்படியே. அந்த வீரத்தை நம் நாட்டார் பழங்காலந்தொட்டே போற்றியிருக்கின்றனர். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்காக நட்ட நடுகல் ஒன்று, சேவல் உருவத்தோடும் எழுத்துப் பொறிப்போடும் கிடைத்துள்ளது. எனினும், விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை நம் மார்க்கம் தடுக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றமாக்குகிறது. உங்கள் வீட்டு அசில் சேவலை நல்ல விலைக்குக் கேட்டு வருபவர் எதற்காகக் கேட்கிறார் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் கொல்லையில் முதற்பலி வனராஜாக் குஞ்சுகள்தாம். அவை சற்று வளர்ந்ததும் பட்டப்பகலில் திறந்து அசில் பெட்டையோடு விட்டோம். மாலைக்குள் மூன்று செத்துக் கிடந்தன. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிவரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறு வயதிலேயே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1920-களின் தொடக்கத்தில் அதை ஆராய்ச்சியாக வெளியிட்டார். புதிய கோழி வந்தால் அந்த வரிசை குலைகிறது; மீண்டும் அமையும்வரை சண்டைதான். அதனால் புதியவற்றை ஒரு வாரமாவது வலைக்கு அப்பால் வைத்து, ஒன்றையொன்று பார்க்கவிட வேண்டும். பிறகு இருட்டியதும் கூட்டுக்குள் சேர்க்க வேண்டும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். எந்தக் கோழிக்காவது இரத்தம் கசிந்தால் உடனே பிரித்து விடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்திக் கொண்டே இருக்கும். அது வரை அமைதியாக இருந்த கோழியும் சேர்ந்துகொள்ளும்.

வனராஜாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய இனம் அது. முட்டைக்கென அங்கே உருவானது கிராமப்பிரியா. பல நிற இறகும் அமைதியான குணமும் கொண்ட வனராஜா விரைவில் கனத்துவிடும். அந்தக் கனமே அதற்குப் பகை. நாய் துரத்தினால் சிறுவிடை ஒரே பாய்ச்சலில் மதில்மேல் நிற்கும், வனராஜா அகப்பட்டுக்கொள்ளும். அடையிலும் உட்காராது. கலப்பினம் ஆகையால், அதன் முட்டையையே பொரிக்க வைத்தால் அடுத்த தலைமுறையில் அந்த வளர்ச்சி கிட்டாது.

இனி, சாயக் குஞ்சுகளின் கதை. ஒன்றைத் தவிர எல்லாம் ஒரு வாரத்தில் மடிந்தன. மிஞ்சிய குஞ்சைத் தங்கை மகன் ஐந்து வயதுப் பிள்ளை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான். கையில் வைத்தே சோறு ஊட்டினான். தோளில் ஏற்றித் திரிந்தான். சாயம் போய் வெள்ளை இறகு முளைத்து, பெரிய சிவப்புக் கொண்டை வைத்தபோதுதான் அது லெகார்ன் சேவல் என்று தெரிந்தது. முட்டைப் பண்ணைகளில் உழைப்பது இந்த வெள்ளை லெகார்ன் வழிப் பெட்டைகளே. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300-ஐ ஒட்டி முட்டையிடும். சேவற்குஞ்சால் பண்ணைக்குப் பயனில்லை. அதனால்தான் அவை சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன.

ஒரு நாள் அஸர் நேரம். பிள்ளை குனிந்து தீனி வைத்தான். அவன் வளர்த்த அதே சேவல் எழும்பிப் பாய்ந்து கால் முள்ளால் உதைத்தது. கண்ணுக்கு அரை விரற்கடை கீழே கிழிந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தையலும் ஊசியும் போட்டார்கள். கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். அசில் சேவலைக் கட்டிப் போட்டுவிட்டு, இந்த வெள்ளையைப் பிள்ளையோடு விளையாட விட்டிருந்தோம்!

பின்னர்தான் விளங்கியது. தன் இனத்தோடு சேராமல், மனிதர் கையிலேயே தனித்து வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் அச்சம் இராது. பருவம் வந்ததும் நம்மையே எதிர்ச் சேவலாக எண்ணிப் போருக்கு வரும். பெட்டையைக் கொஞ்சி வளர்க்கலாம். சேவற்குஞ்சைக் கூட்டத்தோடு விட்டுவிடுவதே நல்லது. குற்றம் எங்களுடையது, தண்டனை சேவலுக்கு. நானா அதை அறுத்தார்கள். பிள்ளை அன்றிரவு சோறு தின்னவில்லை.

கருங்கோழி வாங்கலாமா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் அது; 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. கூச்ச சுபாவம், அடைகாப்பதில் நாட்டமில்லை. கறியின் கருமை நிறமியால் வருவதே. மருந்து என்று சொல்லி விலையை ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. ரோடு ஐலண்டு சிவப்புக் கோழி நிதானமானது, முட்டையும் தரும். அமெரிக்காவின் ரோடு ஐலண்டு மாநிலம் அதைத் தன் மாநிலப் பறவையாக்கியது 1954-இல், பிரெஞ்சுக்காரர் காரைக்காலை விட்டுப் போன அதே ஆண்டில்! எந்த இனமானாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தவறக் கூடாது. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. ஐப்பசி அடைமழைக்கு முன் கூட்டின் தரையை உலர்த்தி மேடாக்கிவிடுங்கள்.

இப்போது லாத்தாவின் கொல்லையில் அசில் இல்லை. தனியே வளர்க்க இடமுள்ள உறவினருக்கே திரும்பப் போய்விட்டது. புயலில் பிழைத்த அந்தச் சிறுவிடைதான் இன்று கூட்டத்தின் தலைவி. அது 10, 12 முட்டையிட்டு அடையில் அமர்ந்து 21 நாள் நெருங்கும்போது, லாத்தா ஒரு நாள் வயதுக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைப்பார்கள். சொந்தக் குஞ்சுகள் பொரித்த அன்று இஷாவுக்குப் பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, வாங்கிய குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் இறகுக்கடியில் நுழைத்துவிடுவார்கள். அது ஒரு முறை முனகும், அவ்வளவே. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினால், தன்னுடையதும் பிறருடையதுமாக அத்தனையையும் அழைத்துக்கொண்டு வாழையடிக்கு நடந்துவிடும். முகத்தில் தழும்புள்ள அந்தப் பிள்ளை கதவோரம் நின்று, கையை நீட்டாமல், எத்தனை என்று எண்ணிச் சொல்வான்.