மலை இறங்கும் ஜீப்பும் பிரேக் பட்டறையும்

"ஃபோர் வீல் டிரைவ் வண்டி, நாலு வீலும் பிடிக்கும், கவலையே இல்ல" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இது பாதி கூட உண்மை இல்லை. நாலு சக்கரத்திலும் பிரேக் இருப்பது மாருதி 800-க்கும் பொருந்தும். ஃபோர் வீல் டிரைவ் என்பது இன்ஜின் சக்தி எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்ற கணக்கு. வண்டியை நிறுத்துவது வேறு கணக்கு. ஆனால் இந்த வண்டிகள் போகும் இடமும் சுமக்கும் பாரமும் வேறு என்பதால் அவற்றின் பிரேக் வேலையில் சில விசேஷங்கள் உண்டு. பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததையும், அப்புறம் வீட்டில் கணக்குப் போட்டுப் படித்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

நான் பார்த்தது போடிநாயக்கனூர் பக்கம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா ஜீப்புகள் அங்கே நிறைய. காலையில் போடிமெட்டு ஏறி, சாயங்காலம் இறங்கும். மெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1000 மீட்டர்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஆட்கள், மூட்டை எல்லாம் சேர்த்து ஜீப் 2000 கிலோ என்று வைப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்த வண்டியைச் சமதரையில் நிறுத்தினால், பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 2.8 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரும் அளவு. அதே வண்டி 1000 மீட்டர் கீழே இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் 1.96 கோடி ஜூல். அதாவது 60-லிருந்து சடன் பிரேக் போட்டு எழுபது தடவை நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கை டயர் உருளும் தடையும் காற்றும் தின்றுவிடும். மீதிப் பாதி மட்டும் நாலு டிரம்முக்கு வருகிறது, டிரம் ஒவ்வொன்றும் 8 கிலோ வார்ப்பிரும்பு, சூடு எங்கேயும் போகவில்லை என்று வைத்துப் பார்த்தால் கூட, வெப்பநிலை 600 டிகிரிக்கு மேல் ஏறும். நிஜத்தில் காற்று பட்டு ஆறிக்கொண்டே வரும்தான். ஆனாலும் எந்த எல்லையில் விளையாடுகிறோம் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

அதனால்தான் மலை டிரைவர்கள் "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்கு" என்கிறார்கள். ஆற்றலை இன்ஜினும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குபவர் அந்தப் பங்கு முழுவதையும் பிரேக் தலையில் கட்டுகிறார். இன்ஜினையே ஆஃப் பண்ணி இறங்கினால் இன்னும் மோசம். பூஸ்டர் உள்ள வண்டியில் வாக்குவம் நின்றுபோய், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

ஃபோர்-லோ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் இன்ஜின் பிடிப்பு இரண்டரை மடங்கு வரை கூடும். தோட்டத்து மண் சரிவில் அருமையான விஷயம். இழுவை நாலு சக்கரத்துக்கும் பிரிவதால் பின்பக்கம் வழுக்காது. ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட்-டைம் வண்டியை, காய்ந்த தார் ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் ஃபோர்-லோவில் திருப்பக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் உள்ளே முறுக்கு ஏறும். தார் ரோட்டுக்கு டூ வீல் டிரைவில் இரண்டாம் கியரே போதும்.

இனி சூடானால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். மூன்று வேறு வேறு நோய்கள், ஆனால் டிரைவருக்கு மூன்றுமே "பிரேக் பிடிக்கல" தான். ஒன்று, லைனிங்கின் உராய்வு குறைவது. பெடல் உயரமாகவே நிற்கும், மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. இரண்டாவது, டிரம் விரிவடைவது. சூட்டில் டிரம் வெளிப்பக்கமாக விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, பெடல் வழக்கத்தை விடக் கீழே போகிறது. டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை, சூட்டில் டிஸ்க் தடித்து பேடை நோக்கித்தான் வரும்.

மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றுக்காரன். பிரேக் ஆயில் கொதிப்பது. நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகை திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 தரத்தில் புது திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. திரவம் அமுங்காது, நீராவி அமுங்கும். வீல் சிலிண்டரில் கொஞ்சம் ஆவி உண்டானால், மிதிப்பது எல்லாம் அந்த ஆவியை அமுக்கவே சரியாகிவிடும். பெடல் தரை வரை போகும். இதில் கொடுமை என்னவென்றால், அரை மணி நேரம் வண்டி நின்றால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பட்டறைக்கு வரும்போது பெடல் கும்முனு நிற்கும். "பிரேக் நல்லாத்தானே இருக்கு" என்று மெக்கானிக் திருப்பி அனுப்புவார், அவர் மேலும் தப்பில்லை. மலை இறங்கும்போது மட்டும் பெடல் விழுந்து, ஆறியதும் சரியாகும் வண்டியில் முதல் சந்தேகம் பழைய திரவத்தின் மேல் வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுவதும் மாற்றுவது, சீல் பிரிக்காத டின்னிலிருந்து ஊற்றுவது, இந்த இரண்டும் எந்த உதிரி பாகத்தையும் விட மலிவு. பாதி தீர்ந்து அலமாரியில் கிடந்த டின் வேண்டாம். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தால் கூட ரப்பர் கப் எல்லாம் உப்பிப் போய்விடும்.

பட்டறையில் அண்ணன் வண்டியைத் தூக்குவதற்கு முன்னாடியே பெடலை மிதித்துப் பார்த்துப் பாதி நோயைச் சொல்லிவிடுகிறார். எனக்கு இது ஒரு பிழைத்திருத்தம் மாதிரித்தான் பட்டது, என் தொழிலில் லாக் பார்ப்பது போல. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே ஏர். காலை எடுக்காமல் மிதித்தே வைத்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே ஒழுகல் எதுவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்து உள்ளேயே கசிகிறது. முதல் மிதியில் கீழே போய், இரண்டு மூன்று தரம் பம்ப் பண்ணினால் மேலே வந்தால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது அல்லது லைனிங் தேய்ந்திருக்கிறது. பெடல் கல் மாதிரி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் பூஸ்டர், வாக்குவம் ஹோஸ், அல்லது கண்ணாடி மாதிரி பளபளத்துப் போன லைனிங். டீசல் வண்டியில் வாக்குவம் தனியாக ஒரு பம்ப்பிலிருந்து வருகிறது. அதைப் பார்க்காமல் பூஸ்டரை மாற்றிக் காசு போனவர்கள் உண்டு.

ஒரு பக்கம் இழுப்பது ஜீப்புக்கே உரிய கதை. சாதாரண ரியர் வீல் டிரைவ் வண்டியில் முன் ஆக்சிலுக்குள் எண்ணெய் கிடையாது. ஃபோர் வீல் டிரைவில் முன்னாடியும் ஒரு டிஃபரன்ஷியல், அதில் கியர் ஆயில், அதைத் தடுக்க ஆயில் சீல். பழைய ஜீப்பில் அந்த சீல் போனால் எண்ணெயும் கிரீஸும் கலந்து மெதுவாக முன் டிரம்முக்குள் வந்து சேரும். டிரம் பிரேக்கில் சுற்றும் திசையிலேயே ஒரு ஷூ தானாக உள்ளே இழுக்கப்பட்டு பிடியைக் கூட்டிக்கொள்ளும், அதனால் உராய்வில் சின்ன மாற்றம் வந்தாலும் பிடியில் பெரிய மாற்றமாக வெளிவரும். இடது டிரம்மில் எண்ணெய் என்றால் வண்டி வலது பக்கம் இழுக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஊறினது சூடானதும் திரும்ப மேலே வரும். சீலை மாற்றி, அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் லைனிங் புதுசாகப் போடுவதுதான் வேலை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் இழுப்பு அப்படியே இருக்கும்.

லைனிங் அடிப்பது இன்னும் உயிரோடு இருக்கும் கைத்தொழில். பழைய லைனிங்கின் ரிவெட்டைத் தட்டி எடுத்து, ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது லைனிங்கை நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் ரிவெட் அடித்துக்கொண்டே போகிறார்கள். நடுவில் ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு: ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு லைனிங் மேல் சாக்பீஸ் தடவி டிரம்மில் சுற்றிப் பார்த்து, எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அந்த மேட்டைத் தேய்க்கிறார்கள். டிரம் கோடு விழுந்திருந்தால் லேத்துக்குப் போகும். எத்தனை மில்லிமீட்டர் வரை கடையலாம் என்பது பெரும்பாலும் டிரம்மிலேயே அச்சாகியிருக்கும். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எழுதியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டினதைக் கடைந்து கடைந்து ஓட்டுவது மலை ரோட்டுக்கு ஆகாது. மெலிந்த இரும்பு குறைந்த சூட்டைத்தான் தாங்கும், மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதிவிடுகிறார்கள், பக்கத்தில் டீ கிளாஸ் இருக்கும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அதன் நார் நுரையீரலில் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், காசு செலவே இல்லை.

ஜாக்கி விஷயம் உயிர் விஷயம். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் ஷாஃப்ட்டில் இருந்தது. ஷாஃப்ட்டைப் பிடித்தால் இரண்டு பின் சக்கரமும் தரையில் இருக்கும் வரை வண்டி நகராது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய நொடியே டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: தூக்கிய சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் சுதந்திரமாக உருளும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதை. ஃபோர் வீல் டிரைவில் போட்டு, முன் ஹப்பும் லாக் ஆகியிருந்தால் முன் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். எதற்கும் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கியில் கை வைக்கக் கூடாது.

பெரிய டயர் போட்டு, வண்டியைத் தூக்கிக் கட்டும் ஆசை இளசுகளுக்கு இப்போது அதிகம். 28 அங்குல டயருக்குப் பதிலாக 31 அங்குலம் போட்டால், அதே பிரேக் முறுக்குவிசையில் ரோட்டில் கிடைக்கும் தடுப்பு விசை பத்து சதவீதம் குறையும். டயரின் எடை கூடின கணக்கு தனி. இன்னொரு சூட்சுமம், பல பிக்கப்புகளிலும் எஸ்யூவிகளிலும் பின் ஆக்சிலோடு இணைத்த ஒரு வால்வு இருக்கும். பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். சஸ்பென்ஷனை உயர்த்தினால் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்றே நினைத்துக்கொள்ளும். முழு பாரத்தோடு இறங்கும்போதும் பின் பிரேக் பாதி தூக்கத்தில் இருக்கும். லிஃப்ட் வைக்கும் கடைக்காரரிடம் இதை அட்ஜஸ்ட் செய்தீர்களா என்று கேளுங்கள். திருதிருவென்று முழித்தால் வேறு கடை பாருங்கள்.

உள்ளூர் பட்டறையா கம்பெனி சர்வீஸா என்ற கேள்விக்கு, பழைய டிரம் வண்டிக்கு நல்ல உள்ளூர் பட்டறைதான் என்பது என் கட்சி. ஏபிஎஸ் உள்ள புது வண்டியில் அதன் யூனிட்டுக்குள் ஏர் போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கஷ்டம், அங்கே கம்பெனி. ஆனால் ஒரு பட்டறை வழக்கத்தை மட்டும் அனுமதிக்கவே கூடாது: ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால், சாமான் கிடைக்கும் வரை ஓடட்டும் என்று அந்தப் பைப்பை மடக்கி அடித்துவிடுவது. மூன்று சக்கரத்தில் பிரேக் வைத்து ஆள் ஏற்றி மலை இறங்குவது தற்கொலை முயற்சி. அதுவும் பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டராக மாற்ற வாய்ப்பிருந்தால் முதல் செலவு அதற்கே.

வேலை முடிந்ததும் ஏர் எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். நம் ஊர் வலது பக்க ஸ்டியரிங்கில் அது பின் இடது. பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும், நடுவில் டப்பா காலியாகக் கூடாது. புது லைனிங் முழுப் பரப்பும் டிரம்மில் உட்காரச் சில நாள் ஆகும். அதுவரை காலி வண்டியாகச் சமதரையில் ஓட்டி, நடு வேகத்திலிருந்து மெதுவாகப் பல தடவை பிரேக் போட்டு, இடையில் ஆறவிட வேண்டும். பிறகு ஒரு தடவை காலியாகவே பாதி மலை ஏறி இறங்கி, நாலு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொடக் கூடாது. ஒன்று மட்டும் மற்றதை விடச் சூடாக இருந்தால் அதன் ஷூ உரசிக்கொண்டே வருகிறது, அட்ஜஸ்டரை ஒரு பல் பின்னால் விட வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ச்சியாக இருந்தால் அது வேலையே செய்யவில்லை. கையோடு நாலு சக்கரத்தின் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டிய சக்கரத்தில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டு தளரும்.