மோட்டார் வண்டியின் எண்ணெய் மாற்றம்: சர்வீஸ் நிலையங்களில் நேரும் குறைகளும் அவற்றை அறியும் வழிகளும்

சென்னையிலிருந்து கொல்கத்தாவிற்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் அடையும் ஊர் தடா. முன்னர் 5 என்ற எண்ணால் வழங்கிய இச்சாலை, 2010 ஆம் ஆண்டில் எண்கள் திருத்தப்பட்டபோது 16 என்ற எண்ணைப் பெற்றது. நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தடா, 2022 ஏப்ரலில் அமைக்கப்பெற்ற திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. அருகிலுள்ள ஸ்ரீ சிட்டி தொழில் நகரில் இசுஸு நிறுவனத்தின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை 2016 இல் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகளுக்கு வந்து செல்வோர், இரு மாநிலங்களிலும் உறவும் தொழிலும் உடையோர், நெடுந்தூரம் செல்லும் லாரிக்காரர் எனப் பலரும் நாள்தோறும் இச்சாலையைப் பயன்படுத்துகின்றனர். இவர்கள் அனைவருடைய வண்டிகளுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது, குறித்த காலத்தில் யந்திர எண்ணெயை மாற்றுதல்.

இது மிக எளிய வேலை என்று கருதப்படுகிறது. எனினும், இவ்வெளிய வேலையில் நேரும் சிறு பிழையினால் பெருந்தொகை பெறுமான யந்திரம் சில நிமிடங்களில் அழிந்துவிடக்கூடும். வண்டியை விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலேயே எண்ணெய் மாற்றப்படுமாயின் கவலைக்கு இடமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எந்த அளவிற்குச் சரியானது என்பதை இங்கு ஆராய்வோம்.

எண்ணெய் ஆற்றும் பணி

சுழலும் தண்டும் அதைத் தாங்கும் உலோகமும் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றினிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கின்றது. இவ்வுண்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலறிஞர் ரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளைப் பரிசோதித்து வந்தார். தாங்கியின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இடப்பட்டது. தண்டு சுழன்றபோது எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக அத்துளை வழியே வெளியே பொங்கிற்று. மர முளை கொண்டு துளையை அடைத்தும், எண்ணெயின் அழுத்தம் அம்முளையை வெளியே தள்ளிவிட்டது. சுழலும் தண்டே எண்ணெயை இடுக்கினுள் இழுத்துச் சென்று, தன் பாரத்தைத் தாங்கத்தக்க அழுத்தத்தை உண்டாக்கிக் கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று. இதற்குரிய கணிதக் கொள்கையை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886 இல் வகுத்தளித்தார்.

இன்றைய காரின் யந்திரமும் இதே கொள்கையின்படியே இயங்குகிறது. உராய்வைக் குறைப்பதுடன், வெப்பத்தை வெளியே கொணர்தல், புகைக்கரியையும் தூசியையும் தன்னுள் தாங்கி நிற்றல், எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலங்களைச் செயலிழக்கச் செய்தல் ஆகிய பணிகளையும் எண்ணெய் ஆற்றுகின்றது. இவற்றிற்காக அதில் சேர்க்கப்படும் இரசாயனப் பொருள்கள் நாளடைவில் செலவழிந்துவிடுகின்றன. எண்ணெயை மாற்ற வேண்டியிருப்பது இக்காரணத்தினாலேயே ஆகும்.

எண்களின் பொருள்

எண்ணெய் டப்பாவின் மீது 5டபிள்யூ-30 என்பது போன்ற குறியீடு காணப்படும். முதற்பகுதி குளிர் நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் குறிக்கும். பின்னுள்ள எண் சூடான நிலையில் அதன் பிசுப்பைக் குறிக்கும். 100 பாகை செல்சியஸில் 30 ஆம் தர எண்ணெயின் பிசுப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 40 ஆம் தரத்தினுடையது 12.5 முதல் 16.3 வரையிலும் அமைய வேண்டும். நுண்ணிய இடைவெளிகளுடன் அமைக்கப்பட்ட யந்திரத்தில் தடித்த எண்ணெய் விரைந்து பரவாது. தடித்த எண்ணெய்க்கென அமைக்கப்பட்ட யந்திரத்தில் மெல்லிய எண்ணெயின் படலம் அறுந்துபோகக்கூடும்.

பிசுப்பு மட்டும் ஒத்திருந்தால் போதாது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் 6 ஆம் நிலை விதிகளுக்கு இணங்க, டீசல் கார்களில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. சாம்பல் மிகுதியாகத் தரும் பழைய வகை எண்ணெயை ஊற்றினால் அவ்வடிகட்டி காலப்போக்கில் அடைபடும். புதிய வடிகட்டியின் விலையோ எண்ணெயின் விலையைப் போல் பன்மடங்காகும். ஆகவே, வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்ட பிசுப்பு, தரம் ஆகிய இரண்டும் ஒத்திருத்தல் அவசியம்.

நேரும் குறைகள்

சர்வீஸ் நிலையங்களில் நேரும் குறைகளை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கைவேலையில் நேரும் பிழை. எண்ணெய் மாற்றம் எளிதெனக் கருதப்படுவதால், புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரிடமே இது பெரும்பாலும் ஒப்படைக்கப்படுகிறது. மாலைக்குள் முடிக்கவேண்டிய வண்டிகள் பலவாயிருப்பின் மேற்பார்வையும் தளர்கிறது. சம்ப் எனப்படும் எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அலுமினியத்தில் வெட்டப்பட்ட மறை அழிந்துபோகும். குறைவாக இறுக்கினால் ஓடும் வழியில் திருகு கழன்றுவிடும். திருகுடன் சேர்ந்த வாஷரை மாற்றாவிடில் கசிவு உண்டாகும். பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் யந்திரத்தின் முகப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. அதனைக் கவனியாது அதன்மேல் புதிய ஃபில்டரைப் பொருத்தினால் இரண்டு வளையங்களும் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கி, எண்ணெய் முழுவதும் சாலையில் வடிந்துவிடும்.

இரண்டாவது, அளவிலும் வகையிலும் நேரும் பிழை. குறைந்த எண்ணெயால் தீங்குண்டு என்பதை அனைவரும் அறிவர். மிகுந்த எண்ணெயாலும் தீங்குண்டு என்பதைப் பலர் அறியார். மட்டம் உயர்ந்தால் சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்குகிறது. நுரையிலுள்ள காற்று அழுங்கக்கூடியது. ஆதலால் படலம் பாரத்தைத் தாங்கும் வலிமையை இழக்கின்றது. மேலும், பல நிலையங்களில் எண்ணெய் பேரல்களிலிருந்து குழாய் வழியாக ஊற்றப்படுகிறது. எவ்வகை எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதை வண்டிக்குரியவர் கண்ணால் காண்பதற்கு வாய்ப்பில்லை.

மூன்றாவது, கணக்கில் நேரும் குறை. யந்திரம் கொள்ளும் அளவு 3.5 லிட்டராயிருக்க, பில்லில் 4 லிட்டர் எழுதப்படலாம். ஃபில்டரை மாற்றாமலே மாற்றியதாகக் குறிக்கப்படலாம். அழுக்கடைந்த ஃபில்டரில் எண்ணெய் புக இயலாதபோது அதிலுள்ள மாற்று வழி திறந்துகொள்ளும். அதன் பின்னர் வடிகட்டப்படாத எண்ணெயே தாங்கிகளுக்குச் செல்லும். கையேட்டில் இல்லாத கழுவு திரவங்களும் சேர்க்கைப் பொருள்களும் கட்டாயம் தேவையென்று கூறி விற்கப்படுவதும் இவ்வகையில் அடங்கும்.

இக்குறைகள் எல்லா நிலையங்களிலும் உள்ளன என்று கூறுவது நேர்மையாகாது. முறையான கருவிகளும் தேர்ந்த தொழிலாளரும் உடைய நிலையங்கள் பல உள்ளன. ஆயினும், பெயர்ப்பலகை ஒன்றே உத்தரவாதமாகாது. வேலை நடந்ததைச் சரிபார்த்தலே உத்தரவாதமாகும்.

உரிமையாளர் செய்யத்தக்கவை

வண்டியை ஒப்படைக்குமுன் ஃபில்டரின் மீது சிறு அடையாளம் ஒன்றை இட்டு வைக்கலாம். ஊற்றப்படும் எண்ணெயின் வகை, அளவு ஆகியவற்றை வேலைச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். முத்திரையிட்ட டப்பாவைத் தம் முன்னிலையில் திறக்கும்படியும், கழற்றிய ஃபில்டரைக் காட்டும்படியும் கேட்பதில் தவறில்லை.

வண்டியைத் திரும்பப் பெற்றவுடன் சமதரையில் நிறுத்தி, யந்திரத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலை எடுத்துத் துடைத்து மறுபடியும் இட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெயின் மட்டம் இரு குறிகளுக்கும் இடையில் நிற்க வேண்டும், மேற்குறியைத் தாண்டலாகாது. பெரும்பாலான கார்களில் இவ்விரு குறிகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 லிட்டராகும்.

எண்ணெயின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதில் எச்சரிக்கை தேவை. டீசல் யந்திரத்தில் புதிய எண்ணெய் மிக விரைவிலேயே கறுத்துவிடும். உள்ளே எஞ்சிய கரியை அது கரைத்தெடுப்பதே காரணம். ஆதலின் கருமை ஏமாற்றுக்குச் சான்றாகாது. பெட்ரோல் யந்திரத்திலோ புதிய எண்ணெய் தேன் நிறத்துடன் நெடுநாள் விளங்கும். மாற்றிய அன்றே அது கரியதாயிருப்பின் ஐயுற இடமுண்டு. முகப்பில் தோன்றும் சர்வீஸ் நினைவூட்டல் மறைந்துவிட்டது என்பதும் சான்றாகாது; எண்ணெயைத் தொடாமலே அதனை மாற்றிவிடலாம்.

அன்றிரவு வண்டியின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்தால், கசிவு இருப்பின் காலையில் தெரிந்துவிடும். ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரியுமாயின், ஓரிரு கிலோமீட்டர் சென்று பார்ப்போம் என்று எண்ணாது, சாலையோரம் நிறுத்தி உடனே யந்திரத்தை அணைத்துவிட வேண்டும். அந்த ஓரிரு கிலோமீட்டரில்தான் யந்திரம் அழிகிறது.

ரசீதின் மதிப்பு

அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை விற்பனையான டொயோட்டா வண்டிகள் சிலவற்றின் யந்திரங்களில் எண்ணெய் களி போல் இறுகியதாகப் புகார்கள் எழுந்தன. உரிய காலத்தில் எண்ணெய் மாற்றப்படாமையே காரணம் என நிறுவனம் கூறிற்று; மாற்றியதாக உரிமையாளர் பலர் வாதிட்டனர். 2002 இல் நிறுவனம் சிறப்பு உத்தரவாதம் அளிக்க முன்வந்தது. தொடர்ந்த வழக்கு 2007 இல் உடன்பாட்டில் முடிந்தது. இத்தகைய வழக்குகளில் எண்ணெய் மாற்றியதற்கான சான்றைக் கையில் வைத்திருப்பவரின் நிலையே வலுவானது. எனவே தேதி, ஓடிய தூரம், எண்ணெயின் வகை ஆகியவை தெளிவாக எழுதப்பட்ட ரசீதுகளைப் பாதுகாத்தல் வேண்டும்.

நம் நாட்டில் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டிற்கு நிவாரணம் அளிக்கிறது. தடா போன்ற எல்லைப்புற ஊரில் அச்சட்டத்தின் ஒரு பிரிவு தனிப் பயன் உடையது. சர்வீஸ் நிலையம் ஆந்திரப் பிரதேசத்தில் இருப்பினும், புகார் செய்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம். வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் இதனைச் செய்ய வேண்டும். முதலில் நிலையத்தின் மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நாடலாம்.

பழைய எண்ணெயின் கதி

வடித்தெடுத்த எண்ணெய் எங்கே செல்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. 2016 ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரமான கழிவாகும்; அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும். எண்ணெய் உற்பத்தியாளர்களும் இதற்குப் பொறுப்பேற்கும் முறை 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தடாவிற்கு அண்மையில் பரந்துள்ள பழவேற்காடு ஏரி, நாட்டின் உவர்நீர் ஏரிகளில் பரப்பால் இரண்டாவது இடம் பெறுவது. மீனவர் பலருக்கு வாழ்வும், பூநாரைகளுக்கு இரையும் தருவது. சாலையோரக் கால்வாயில் கொட்டப்படும் எண்ணெய் மழைநீருடன் கலந்து தாழ்ந்த நிலத்தையும் நீர்நிலையையும் நாடும். நீரின்மேல் அது மெல்லிய படலமாகப் பரவிக் காற்றிலுள்ள பிராணவாயு நீரிற் கலப்பதைத் தடுக்கிறது; அதிலுள்ள உலோகத் துகள்கள் வண்டலில் தங்கிவிடுகின்றன. யந்திரத்தினுள் பாரத்தைத் தாங்கி உயிர் காத்த அதே படலம், ஏரியின் மேல் படரும்போது உயிர்களுக்குக் கேடாகிறது.

எண்ணெய் மாற்றுவதற்கு ஆகும் நேரம் அரைமணிக்குச் சற்று மிகுதி. அதனைச் சரிபார்க்க ஆகும் நேரம் ஐந்து நிமிடம். வண்டிக்குரிய ஒவ்வொருவரும் டிப்ஸ்டிக்கைப் பார்க்கவும், எண்ணெயின் எண்ணைப் படிக்கவும், பழைய ஃபில்டரைக் கேட்டுப் பார்க்கவும் பழகிக்கொள்வாராயின், கவனக்குறைவான நிலையங்கள் திருந்துவதற்கும் நேர்மையான நிலையங்கள் சிறப்புறுவதற்கும் அதுவே துணையாகும்.