வரைகலை அட்டை வாங்கும் காலம்

கிராபிக்ஸ் கார்டு எனப் பரவலாக அழைக்கப்படும் வரைகலை அட்டை, கணினி விளையாட்டு, காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு, இயந்திரக் கற்றல் ஆகியவற்றுக்கு உதவும் பாகமாகும். இந்தியாவில் இதன் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. மாணவர் ஒருவர் சேர்க்கும் கணினியில் பெரும்பாலும் இதுவே விலை மிகுந்த பாகம் என்பதால், எதை வாங்குவது என்பதைப் போலவே எப்போது வாங்குவது என்பதும் முக்கியமாகிறது.

தலைமுறைச் சுழற்சி

என்விடியா நிறுவனம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறையை வெளியிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 30 வரிசை 2020 செப்டம்பரிலும், 40 வரிசை 2022 அக்டோபரிலும், 50 வரிசை 2025 சனவரியிலும் வந்தன. முதலில் வருபவை விலையுயர்ந்த அட்டைகளே. நடுத்தர வாங்குநருக்கான 3060, 4060, 5060 ஆகியவை முறையே 2021 பிப்ரவரி, 2023 சூன், 2025 மே மாதங்களில்தான் கடைக்கு வந்தன. புதிய வரிசை வந்த செய்தியைக் கேட்டு உடனே பணத்தை எடுப்பவருக்கு இன்னும் நான்கு முதல் எட்டு மாதம் காத்திருப்பு மீதமிருக்கிறது.

காத்திருந்தால் விலை குறையும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2021இல் சில்லுத் தட்டுப்பாடும் எத்தீரியம் நாணய அகழ்வும் சேர்ந்து, அட்டைகளின் விலையை அறிவிக்கப்பட்ட விலைக்கு மிக மேலே கொண்டுபோயின. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் அகழ்வு முறையைக் கைவிட்டபின், அகழ்வில் ஓடிய அட்டைகள் பழைய சந்தையில் குவிந்தன. தேவை இப்போதே இருந்தால் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பதில் பயன் குறைவு. புதியது வர ஓரிரு மாதமே இருந்தால் மட்டும் பொறுக்கலாம்.

நீண்டகால மதிப்பு

புதியது எல்லா வகையிலும் மேலானதன்று. 3060 அட்டையில் 12 ஜிபி நினைவகம் உண்டு. அடுத்து வந்த 4060இல் 8 ஜிபி மட்டுமே. ஆனால் முன்னது 170 வாட் இழுக்க, பின்னதற்கு 115 வாட் போதும். நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் இந்த வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 யூனிட், அதாவது தமிழ்நாட்டின் இருமாத மின்கணக்கில் 13 யூனிட். இது சிறிதுதான், எனினும் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் உயரும் என்பதால் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு உறைக்கும்.

ஆயுளைக் கணிக்க நல்ல அளவுகோல் இயக்கிமென்பொருள் ஆதரவு. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, விளையாட்டுகளுக்கான புதிய இயக்கிகளை 2025 அக்டோபர் வரை பெற்றது.

கள்ளக்குறிச்சி வாங்குநர்

2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை ரிச்சி தெரு 200 கிலோமீட்டருக்கும் மேல்; சேலம் அதைவிட அருகில். கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் இருப்பவர் அதற்கும் முதலில் மலையிறங்க வேண்டும். அட்டை பழுதானால் பெரும்பாலும் தூதஞ்சலில் பெருநகரச் சேவை மையத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். எனவே இங்கு உத்தரவாதம் மீதமில்லாத பழைய அட்டையின் மலிவு முழு மலிவன்று. பழையதை வாங்குவோர் ரசீதையும் வரிசை எண்ணையும் ஒப்பிட்டு, அரை மணி நேரமாவது சுமையில் ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது.